சென்னை அலுவலகம், ராமநாதபுரம் வீடு: பொறியியல் நிறுவனத்தில் ஹைப்ரிட் வேலையைக் கேட்டு வாங்கி நிலைக்கவைக்க முழுமையான வழிகாட்டி

வேலை சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு பொறியியல் நிறுவனத்தில். வீடு ராமநாதபுரம் கடற்கரையில். மாதத்தில் பெரும்பகுதி ஊரிலிருந்தே வேலை பார்க்க வேண்டும், வேலையும் கெடக்கூடாது. இப்படிக் கொஞ்ச நாள் அலுவலகம், மிச்ச நாள் வீடு என்று ஹைப்ரிட் முறையில் வேலை பார்க்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். இரும்புக் கட்டமைப்பு, பைப்பிங், எலக்ட்ரிகல் டிசைன், பி.ஐ.எம். மாடலிங் (கட்டிடத்தைக் கணினியில் முப்பரிமாணமாக உருவாக்குவது), மென்பொருள் என்று கணினியில் நடக்கிற வேலை எதுவானாலும் பொருந்தும். நான் இரும்புக் கட்டமைப்பு டிசைனில் இருக்கிறேன், உச்சிப்புளியிலிருந்து வேலை பார்க்கிறேன். மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம் பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்கு இதே ஏற்பாட்டைச் செய்துகொள்ள உதவியிருக்கிறேன்.

சிக்கிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் வரிசையைத் தவறவிட்டவர்கள். முதல் வேலையாக மேலாளரிடம் போய், "வாரத்துக்கு எத்தனை நாள் வீட்டிலிருந்து பார்க்கலாம்?" என்று கேட்டுவிடுகிறார்கள். அது கடைசியில் கேட்க வேண்டியது. எந்த வேலையை எங்கிருந்து செய்ய முடியும், வீட்டில் கரண்டும் இணைப்பும் தாங்குமா என்பதற்கு விடை கையில் இல்லாமல் நாள் கணக்குப் பேசினால், இரண்டாவது மாதமே ஏற்பாடு கலைந்துவிடும்.

மூன்று தாள்களை முதலில் எடுத்து வையுங்கள்: பணி நியமன ஆணை, நிறுவனத்தின் ஹைப்ரிட் கொள்கை, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு. ஒரு நோட்டும் வேண்டும். தொடக்கத்திலிருந்து அனுமதி கிடைக்கும் வரை ஆறு வாரமாவது ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. உங்கள் வேலையை இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள்

நோட்டில் நான்கு பத்திகள் போடுங்கள்: என்ன வேலை, எவ்வளவு நேரம், யார் பக்கத்தில் இருக்க வேண்டியிருந்தது, எந்தப் பொருள் தேவைப்பட்டது. கடைசி இரண்டு பத்திகளுக்காகத்தான் இந்த நோட்டே.

மாடலிங், கணக்கீடு, அளவுப் பட்டியல், திரையிலேயே வரைபடம் சரிபார்ப்பது ஆகியவற்றுக்கு அந்த இரண்டு பத்தியும் பெரும்பாலும் காலியாக இருக்கும். தளத்தில் அளவெடுப்பது, ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் வெல்டிங் பார்ப்பது, ஆய்வகச் சோதனை, புது எலக்ட்ரானிக் போர்டை மேசையில் வைத்து முதல்முறை ஓட வைப்பது ஆகியவற்றுக்கு நிரம்பிவிடும். வாடிக்கையாளர் ஆய்வுக் கூட்டமும் புதுத் திட்டத்தின் முதல் வாரமும் இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

வரைபடம் அனுப்பும் தேதி ஒன்றாவது அந்த இரண்டு வாரத்துக்குள் வர வேண்டும். அனுப்புவதற்கு முந்தைய மூன்று நாளும் மற்ற நாட்களும் ஒன்றல்ல. ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள், அன்றன்று மாலையே எழுதுங்கள். ஞாபகத்தில் எழுதிய எல்லாரும் 'தொண்ணூறு சதவீதம் வீட்டிலிருந்தே முடியும்' என்றுதான் எழுதினார்கள்.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போதைக்குக் கேட்காதீர்கள். முதல் வருடத்தில் பாதிப் படிப்பு, மூத்தவர் ஒப்பந்தக்காரரோடு போனில் பேசுவதைப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து கேட்பதில் நடக்கிறது. அதை வீடியோ அழைப்பில் யாரும் உங்களுக்குத் தனியாகச் சொல்லித் தர மாட்டார்கள்.

2. கொள்கையை வரி விடாமல் படியுங்கள்

இந்தியாவில் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பொதுவான உரிமை எதுவும் சட்டத்தில் இல்லை. மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பும் பெண்களுக்கு, வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இரு தரப்பும் பேசி அப்படிச் செய்ய 2017-இல் வந்த சட்டத் திருத்தம் வழி வைத்தது. மற்றபடி நிறுவனம் எழுத்தில் தருவதுதான் உங்கள் உரிமை. அதனால் அந்த எழுத்தைப் படிக்க வேண்டும்.

முதலில் பணியிடம் என்ற வரி. அது சென்னை என்றே இருந்தால், சென்னைக்குப் போய்வரும் செலவு உங்களுடையது. வீட்டு முகவரிக்கு மாற்றினால் கூப்பிடும்போது நிறுவனம் செலவு தரலாம், ஆனால் நகரப்படி போய்விடலாம். எது லாபம் என்று கணக்குப் போட்ட பிறகு கேளுங்கள்.

அடுத்தது வாடிக்கையாளர் ஒப்பந்தம். சில ஆலைத் திட்டங்களிலும் பாதுகாப்புத் துறைத் திட்டங்களிலும் வரைபடம் அலுவலக வலையமைப்பைத் தாண்டக்கூடாது என்று எழுதியிருப்பார்கள். உங்கள் நிறுவனமே சம்மதித்தாலும் அந்தத் திட்டத்தில் இருக்கும் வரை உங்களால் ஊருக்கு வர முடியாது. இதைத் திட்ட மேலாளரிடம்தான் கேட்க வேண்டும், மனிதவளத் துறைக்குத் தெரிந்திருக்காது.

அலுவலகம் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். அங்குள்ள நிறுவனங்களில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்கு 2022 ஜூலையில் 43ஏ என்ற தனி விதி சேர்க்கப்பட்டது. உங்கள் பெயரும் நீங்கள் வெளியே கொண்டுபோகும் கணினியும் நிறுவனத்தின் கணக்கில் முறையாக ஏறியிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறக்கூடாது.

கடைசியாக, திரும்ப அழைக்கும் வரி. "தேவைப்பட்டால் அனுமதி திரும்பப் பெறப்படும்" என்று மட்டும் இருந்தால், எத்தனை நாள் அவகாசம் என்று எழுதிக் கேளுங்கள். 30 நாளாவது வேண்டும், சென்னையில் வீடு பார்த்து அட்வான்ஸ் கொடுக்கவே அவ்வளவு ஆகும். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் எனக்கு வாய்வார்த்தையில்தான் அனுமதி தந்தார்கள். அனுமதி தந்தவர் வேறு திட்டத்துக்கு மாறினார். புதிதாக வந்தவர், "திங்கட்கிழமையிலிருந்து சீட்டில் இருக்க வேண்டும்" என்று ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் சொன்னார். காட்டுவதற்கு என் கையில் ஒரு மின்னஞ்சல்கூட இல்லை.

3. கனமான கணினி எங்கே இருக்கும் என்று முடிவெடுங்கள்

இணைப்பு, இன்வெர்ட்டர் எல்லாம் இந்த முடிவைப் பொறுத்தே அமையும். அதனால்தான் அவற்றுக்கு முன் இதை வைக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் இன்வெர்ட்டரை வாங்கிவிட்டு அப்புறம்தான் இதை யோசிக்கிறார்கள்.

என் பரிந்துரை: பெரிய கணினி அலுவலகத்திலேயே இருக்கட்டும். வீட்டில் ஒரு லேப்டாப்பும் ஒரு மானிட்டரும் போதும். ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அலுவலகக் கணினியைப் பிடித்து வேலை பாருங்கள்.

ஏன் என்றால், ஒரு ஆலையின் முப்பரிமாண மாடல் சில ஜிகாபைட் வரை போகும். பலர் சேர்ந்து திறக்கும் மாடல் கோப்பு, அலுவலகத்துக்குள் இருக்கும் வேகமான வலையமைப்பை நம்பி எழுதப்பட்டது. அதை வி.பி.என். (வெளியிலிருந்து அலுவலக வலையமைப்புக்குள் நுழையும் பாதுகாப்பான வழி) வழியாக இழுத்துத் திறந்தால் சேமிக்கப் பத்து நிமிடம் ஆகும். நடுவில் இணைப்பு விழுந்தால் கோப்பே கெடலாம். ரிமோட் டெஸ்க்டாப்பில் திரையின் படம் மட்டும்தான் பயணம் செய்கிறது, கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. இங்கே கரண்ட் போனாலும் அங்கே கணக்கீடு ஓடிக்கொண்டிருக்கும். ஒருமுறை ஒரு பெரிய ஷெட்டுக்குக் காற்று அழுத்தக் கணக்கு ஓடும்போது தெருவே இருண்டுவிட்டது. இணைப்பு திரும்பி வந்து பார்த்தபோது முடிவு திரையில் தயாராக நின்றது.

இதற்கு ஐ.டி. துறையிடம் மூன்று கேளுங்கள். அலுவலகத்தில் கரண்ட் போய் வந்தால் கணினி தானே எழ வேண்டும். அணைந்துவிட்டால் தூரத்திலிருந்தே எழுப்பும் வசதி வேண்டும். உள்நுழைவுக் குறியீடு குறுஞ்செய்தியில் வராமல் செயலியில் வர வேண்டும். கான்கிரீட் வீட்டுக்குள் சிக்னல் இல்லாமல் குறுஞ்செய்திக்காக மொட்டை மாடிக்கு ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செயலிக்குச் சிக்னல் தேவையில்லை.

எல்லாரும் ஒருமுறையாவது செய்யும் தவறு: இரவு வேலை முடிந்ததும் பழக்க தோஷத்தில் அலுவலகக் கணினியை ஷட்டவுன் செய்வது. மறுநாள் காலை ஒன்பதரைக்கு யாராவது வந்து பொத்தானை அழுத்தும் வரை நீங்கள் சும்மா உட்கார வேண்டியதுதான். 'டிஸ்கனெக்ட் மட்டும்' என்று மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வையுங்கள்.

வாடிக்கையாளர் வரைபடத்தைக் கடைவீதி ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பிப் பிரிண்ட் எடுக்காதீர்கள். அந்தக் கோப்பு கடைக் கணினியின் டவுன்லோட் பகுதியில் மாதக்கணக்கில் கிடக்கும். பெரிய தாளில்தான் பார்க்க வேண்டும் என்றால் அதை அலுவலக வாரத்துக்கு ஒதுக்குங்கள்.

4. இணைப்பை 14 நாள் சோதியுங்கள்

ரிமோட் டெஸ்க்டாப்புக்கு வேகத்தைவிடத் தாமதம்தான் முக்கியம். இரண்டு திரைக்கு நொடிக்கு 10 மெகாபிட் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. ஆனால் போய்வரும் தாமதம் 50 மில்லி நொடிக்குள் இருந்தால் கை சொன்னபடி மவுஸ் நகரும், 100-ஐத் தாண்டினால் சேற்றில் இழுப்பது போல் இருக்கும். 200 மெகாபிட் திட்டம் வாங்கிவிட்டேன் என்பது இதற்குப் பதில் ஆகாது.

அலுவலகத்தின் வி.பி.என். முகவரிக்குக் காலை 10, மதியம் 3, இரவு 8 மணிக்கு நூறு நூறு பிங் (போய்வரும் நேரத்தை அளக்கும் சின்னச் சோதனைப் பொட்டலம்) அனுப்புங்கள். சராசரியை விடுங்கள், மோசமான எண்ணையும் தொலைந்த பொட்டலங்களின் எண்ணிக்கையையும் எழுதுங்கள். 14 நாள் முடிந்ததும் அந்தத் தாள்தான் மேலாளரிடம் காட்டும் சான்று.

ஃபைபர் போடுகிறவரிடம் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: "தெருவுக்கே கரண்ட் போனால் உங்கள் பக்கம் எத்தனை மணி நேரம் ஓடும்?" ஒளியிழைக்கும் நடுவில் பிரிக்கும் பெட்டிக்கும் கரண்ட் வேண்டாம். ஆனால் அவர் அறையிலிருக்கும் கருவிக்கு வேண்டும். சிலர் வழியில் கம்பத்தில் கரண்டில் ஓடும் பெட்டி வைத்திருப்பார்கள். அங்கே பேட்டரி இல்லை என்றால் உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் ஓடியும் பயனில்லை.

இரண்டாவது இணைப்பாக வேறு நிறுவனத்தின் மொபைல் சிம் வையுங்கள். ஃபைபரும் சிம்மும் ஒரே நிறுவனம் என்றால், ஊர் எக்ஸ்சேஞ்சில் ஒரு கோளாறு வந்தாலே இரண்டும் சேர்ந்து போகலாம். மாதம் ஒருமுறை வேண்டுமென்றே ஃபைபரைப் பிடுங்கிவிட்டு ஒரு மணி நேரம் சிம்மில் வேலை பாருங்கள். ரீசார்ஜ் முடிந்துபோனது அப்போதுதான் தெரியவரும்.

அப்புறம் உப்புக்காற்று. மண்டபத்தில் ஒரு தம்பி வீட்டில் தினமும் சாயங்காலம் இணைப்பு விட்டுவிட்டு வந்தது. ரௌட்டரை இரண்டு முறை மாற்றியும் சரியாகவில்லை. "அண்ணே, லைன்காரர் கம்பெனி மேல சொல்றாரு, கம்பெனி லைன்காரர் மேல சொல்லுது" என்று கூப்பிட்டான். போய் வலைக் கம்பியின் முனையைப் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டினேன். எட்டு முள்ளில் இரண்டில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. ரௌட்டர் கடல் பக்கத்து ஜன்னல் திண்டில் இருந்தது, இத்தனைக்கும் காரணம் அதுதான். முனையை வெட்டிப் புதிதாக மாட்டி, ரௌட்டரை உள்சுவருக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. கடலிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் வீடு என்றால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை முனைகளைப் பிடுங்கிப் பாருங்கள். வேலைக் கணினியின் பயன்படாத துளைகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள்.

5. கரண்ட் கணக்கைக் காகிதத்தில் போடுங்கள்

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலை 9 மணிக்குத் தொடங்கி மதியம் 2 மணி வரை, சில நாள் மாலை 5 வரை போகும். நீங்கள் தாங்க வேண்டியது அந்த முழுநாள் தடையை. பத்து நிமிடத் தடையை எந்த இன்வெர்ட்டரும் தாங்கும்.

12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் கணக்குப்படி 1800 வாட்-ஹவர் இருக்கிறது. பேட்டரியை முழுதாக வடிக்கக்கூடாது, இன்வெர்ட்டரிலும் இழப்பு உண்டு. அதனால் 1000 என்று எடுத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் 65 வாட், மானிட்டர் 25, ஃபைபர் பெட்டியும் ரௌட்டரும் 15, கரண்ட் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. வகை ஃபேன் 30, விளக்கு 10. ஆக 145 வாட், கிட்டத்தட்ட ஏழு மணி நேரம் ஓடும். பழைய வகை ஃபேன் 75 வாட் இழுக்கும், அப்படியானால் ஐந்து மணி நேரம்தான். பெரிய கணினியை வீட்டில் வைத்து இரண்டு மானிட்டரும் போட்டால் மொத்தம் 450 வாட்டைத் தொடும், இரண்டு மணி நேரத்தில் பேட்டரி காலி. மூன்றாவது படியை முதலில் முடிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

வீட்டு இன்வெர்ட்டரின் பொத்தான் யு.பி.எஸ். நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண நிலையில் கரண்ட் மாறும் நொடியில் ரௌட்டர் அணைந்து எழும். அது எழுந்து வி.பி.என். பிடிக்க மூன்று நிமிடம், ஒரு கூட்டத்தின் நடுவில் அது நீண்ட நேரம். ரௌட்டருக்கென்று தனியாகச் சின்ன 12 வோல்ட் பேட்டரி யு.பி.எஸ். வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

நம் பக்கம் பலர் தவறவிடுவது எர்த். மணல் நிலம் கோடையில் காய்ந்துவிட்டால் எர்த் சரியாகப் பிடிக்காது. மூன்று முள் பிளக்கில் மாட்டியும் லேப்டாப்பின் உலோக உடம்பு சுருசுருவென்று இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் எத்தனை வோல்ட் என்று அளக்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு வோல்ட் என்றால் சரி. அதற்கு மேல் போனால் எர்த் குழியைத் திருத்த வேண்டும், கோடையில் வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டும். கணினி விலையோடு பார்த்தால் இது சின்னச் செலவுதான். பேட்டரி முனைகளில் வாசலின் தடவி வையுங்கள், உப்பு பூக்காது.

6. அலுவலக நாட்களை ரயிலை வைத்து முடிவுசெய்யுங்கள்

'வாரத்தில் இரண்டு நாள் அலுவலகம்' என்ற விதி தாம்பரத்திலும் ஆவடியிலும் குடியிருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. 500 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அதைப் பின்பற்றினால் வாரத்தில் இரண்டு இரவு ரயிலில் கழியும். மூன்றாவது வாரமே உடம்பு கேட்காது.

அதற்குப் பதில் மாதத்தில் ஒரு முழு வாரம் என்று கேளுங்கள். கூட்டிப் பார்த்தால் நாட்கள் குறையும். ஆனால் ஐந்து நாள் தொடர்ந்து இருப்பதால் வாடிக்கையாளர் ஆய்வு, பெரிய தாள் சரிபார்ப்பு, புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது எல்லாம் ஒரே மூச்சில் முடியும். முதல் படியில் எழுதிய நோட்டைக் காட்டி, ஆள் பக்கத்தில் இருக்க வேண்டிய வேலைகள் ஐந்து நாளுக்குள் அடங்குகின்றன என்று காட்டினால் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள்.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது, அதனால் அந்த வாரத்தை இரண்டு மாதம் முன்பே குறித்துவிடுங்கள். ஆடி அமாவாசை, புரட்டாசியில் மகாளய அமாவாசை, தை அமாவாசை ஆகிய மூன்றையும் ஒட்டிய நாட்களைத் தவிருங்கள். ராமேஸ்வரம் வண்டிகளில் அப்போது நிற்கவே இடம் இருக்காது. காற்று பலமானால் பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திவிடுவார்கள். தங்கச்சிமடம், ராமேஸ்வரம்காரர்கள் அந்த மாதிரி நாட்களில் பேருந்தில் மண்டபமோ ராமநாதபுரமோ வந்து ஏறுவது நல்லது.

"அவசரம் என்றால் உடனே வந்துவிடுகிறேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். இரவு ரயில் ஏறினால் மறுநாள் காலை சென்னை, இதுதான் நம்மால் முடிந்த வேகம். அதையே சொல்லுங்கள்.

7. ஒரு பக்கக் கோரிக்கை எழுதுங்கள்

இவ்வளவும் முடிந்த பிறகுதான் மேலாளர் முன்னால் போக வேண்டும். தாள் ஒரு பக்கம்தான், அதற்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள். ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வாடகை கட்டுப்படியாகவில்லை என்பதெல்லாம் உண்மையாக இருக்கலாம், ஆனால் அவை தாளில் வேண்டாம். வேலை எப்படி நடக்கும் என்பது மட்டும் இருக்கட்டும். நான் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"மாடலிங், கணக்கீடு, திரைச் சரிபார்ப்பு ஆகியவற்றை உச்சிப்புளியிலிருந்து செய்வேன். ஒவ்வொரு மாதமும் ஒரு முழு வாரம் அலுவலகத்தில் இருப்பேன், தேதியை 60 நாள் முன்பே தெரிவிப்பேன். காலை 9:30 முதல் மாலை 6:30 வரை அழைப்பை எடுப்பேன். இணைப்பு 15 நிமிடத்துக்கு மேல் போனால் போனில் தகவல் சொல்வேன், இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் மாற்று இடத்துக்குப் போவேன் அல்லது அரைநாள் விடுப்பு எடுப்பேன். முந்தைய நாள் மாலைக்குள் சொன்னால் மறுநாள் அலுவலகத்தில் இருப்பேன். எட்டு வாரச் சோதனைக்குப் பிறகு மறு ஆய்வு செய்யலாம். ஏற்பாட்டை நிறுத்துவதானால் 30 நாள் முன் அறிவிப்பு."

இதில் அதிகம் வேலை செய்வது இணைப்பு போனால் என்ன என்ற வரிதான். மேலாளரின் பயமே அங்கேதான் இருக்கிறது, அவர் கேட்கும் முன்பே நீங்கள் பதில் வைத்துவிட்டீர்கள். இணைப்புச் சோதனைத் தாளைப் பின்னால் கோத்துக் கொடுங்கள். சம்மதம் மின்னஞ்சலில் வர வேண்டும், மனிதவளத் துறைக்கும் நகல் போக வேண்டும்.

8. முதல் எட்டு வாரம்

இடறல்கள் பெரும்பாலும் இங்கேதான் நடக்கின்றன, கருவியால் வருவது குறைவு.

கீழக்கரைப் பெண் ஒருவர் வேறொரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து வரைந்துகொண்டிருந்தார். மூன்றாவது வாரம் இரண்டு நாள் உழைத்து ஒரு படிக்கட்டு மேடையின் விவரப்படத்தை முடித்தார். அனுப்பிய பிறகுதான் தெரிந்தது, அவர் வைத்திருந்தது ஆர்2, அதாவது இரண்டாம் திருத்தம்; அலுவலகத்தில் ஆர்3 வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. மாற்றத்தைத் தேநீர் நேரத்தில் பேசி முடித்திருக்கிறார்கள். இவருக்கு யாரும் மின்னஞ்சல் போடவில்லை. "அண்ணே, நான் கேட்டிருக்கணுமா, அவங்க சொல்லியிருக்கணுமா?" என்று கேட்டார். சொல்லியிருக்க வேண்டியது அவர்கள்தான். ஆனாலும் கேட்கும் பழக்கத்தை நாம்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பழக்கம் இதுதான். காலையில் எந்தக் கோப்பைத் திறக்கும் முன்பும் வரைபடப் பதிவேட்டைத் திறந்து, இன்று தொடப்போகும் ஒவ்வொரு தாளின் திருத்த எண்ணையும் பாருங்கள். இரண்டு நிமிடம் ஆகும். பதிவேடு இல்லாத நிறுவனம் என்றால் நீங்களே ஒரு பகிர்ந்த தாளில் தொடங்குங்கள்.

சந்தேகங்களை அரட்டைச் செயலியில் கேட்டால் மறுநாள் மறைந்துவிடும். எண் போட்ட ஒரு சந்தேகப் பட்டியலில் எழுதுங்கள். "அந்தத் தூண் பக்கத்து பீம்" என்று எழுதினால், நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்று அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாது. "தாள் எண் 104, ஆர்3, கிரிட் சி-4, +6.000 மட்டம், பீமின் மேல்மட்டம் தளத்துக்கு மேல் 25 மி.மீ. வருகிறது, சரியா?" என்று எழுதி, ஸ்கிரீன்ஷாட் ஒன்றை ஒட்டுங்கள். ஒரே பதிலில் முடிந்துவிடும்.

மாலை ஆறே காலுக்கு மூன்று வரி அனுப்புங்கள்: இன்று எது முடிந்தது, எது எதற்காக நிற்கிறது, நாளை முதலில் எது. நாள் முழுக்கச் செயலியில் பச்சைப் புள்ளி எரிய வைப்பதைவிட இந்த மூன்று வரிக்கு மதிப்பு அதிகம்.

வீட்டில் இருப்பவர்களிடமும் முதல் நாளே பேசிவிடுங்கள். வீட்டில் இருக்கிற பிள்ளை சும்மா இருக்கிற பிள்ளை என்றுதான் ஊர் நினைக்கும். ரேஷன் கடை, வங்கி, யாரையாவது ஸ்டேஷனில் விட்டுவருவது எல்லாம் உங்களைத் தேடி வரும். கதவில் நேரத்தை எழுதி ஒட்டிய பிறகுதான் என் வீட்டில் மாறியது. அம்மா இப்போது வருகிறவர்களிடம், "ஆபீசுல இருக்கான், ஆறரைக்கு மேல வாங்க" என்று அவராகவே சொல்லி அனுப்புகிறார்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் மைக்கில் இரைச்சல் மட்டும்தான் கேட்கும். தென்மேற்கு ஜன்னலைச் சாத்திவிட்டு, வாய்ப்பக்கம் மைக் வரும் கம்பி ஹெட்செட்டைப் போடுங்கள்.

9. ஐப்பசி, கார்த்திகைக்குத் தனித் திட்டம்

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 41 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படி ஒரு நாளில் எந்த இன்வெர்ட்டரும் இரண்டாவது சிம்மும் கைகொடுக்காது. முன்கூட்டியே செய்வது மட்டும்தான் உதவும்.

பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியதும் என் வேலை தொடங்கிவிடும். அன்று மாலையே மேலாளருக்கு ஒரு வரி எழுதுகிறேன்: அடுத்த மூன்று நாள் இணைப்பு நிச்சயம் இல்லை, இந்த இரண்டு தாள்களை முன்கூட்டியே முடிக்கிறேன், இந்த ஒன்றை வேறு யாரிடமாவது மாற்றுங்கள். இணைப்பு இல்லாமலே செய்யக்கூடிய வேலையாக ஒன்றை, நிறுவனம் அனுமதித்தால், அலுவலக லேப்டாப்பில் இறக்கி வைக்கிறேன். அளவுப் பட்டியல் சரிபார்ப்பு அதற்குத் தோதானது.

மாற்று இடத்தைச் செப்டம்பரிலேயே பேசி வையுங்கள். பரமக்குடியிலோ மதுரையிலோ உறவினர் வீடு இருந்தால் ஒருமுறை போய் அங்கே வி.பி.என். பிடிக்கிறதா என்று பாருங்கள். தீவுக்குள் இருப்பவர்கள் காற்று ஏறும் முன்பே பாலத்தைத் தாண்டிவிட வேண்டும், சாலையில் வெளியே வர அந்த ஒரு பாலம்தான். இடி விழும் நாட்களில் வேலை முடிந்ததும் ரௌட்டர், மானிட்டர் பிளக்குகளைப் பிடுங்கிவிடுங்கள். ஒளியிழை வழியாக மின்னல் வராது, ஆனால் கரண்ட் கம்பி வழியாக வரும்.

10. சம்பளச் சீட்டைப் பாருங்கள்

சென்னை வாடகை வீட்டைக் காலி செய்து அப்பா வீட்டுக்கு வந்துவிட்டால், வாடகைப்படிக்கான வரிச் சலுகை போய்விடும். வாடகை கொடுத்தால்தான் அந்தச் சலுகை, அதுவும் பழைய வரிமுறையில் மட்டும். பெற்றோருக்கு உண்மையிலேயே வாடகை வங்கி வழியாகக் கொடுத்தால் கேட்கலாம், ஆனால் அது அவர்கள் வருமானக் கணக்கில் வரும். கணக்கிலும் சென்னைக்கு அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் என்ற வரம்பு, நம் ஊருக்கு 40. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு இதில் எந்த மாற்றமும் இல்லை.

மருத்துவக் காப்பீட்டின் ரொக்கமில்லாச் சிகிச்சைப் பட்டியலில் ராமநாதபுரம், மதுரை மருத்துவமனைகள் எவை என்று ஊருக்கு வரும் முன்பே பார்த்துவிடுங்கள். நிறுவனத்தில் உள்ள முகவரியையும் மாற்றுங்கள். பழைய சென்னை முகவரிக்கு அனுப்பிய மாற்று லேப்டாப் பத்து நாள் சுற்றிய கதை எனக்குத் தெரியும்.

11. எட்டாவது வார மறு ஆய்வு

"எல்லாம் நன்றாகப் போகிறது சார்" என்று வெறும் கையோடு போகாதீர்கள். ஒரு தாளில் நான்கு எண்கள் போதும்: எத்தனை தாள் தேதிக்குள் போயிற்று, எத்தனை தாள் திருத்தத்துக்குத் திரும்பி வந்தது, இணைப்போ கரண்டோ எத்தனை மணி நேரம் கெடுத்தது, சந்தேகங்களுக்குப் பதில் வரச் சராசரியாக எவ்வளவு ஆனது. வீட்டுக்கு வருவதற்கு முந்தைய எட்டு வாரத்தின் எண்களையும் பக்கத்தில் போடுங்கள், ஒப்பிட ஒன்று இருக்க வேண்டும்.

எண் மோசமாக இருந்தால் மறைக்காதீர்கள். எனக்கு முதல் முறை திருத்தத்துக்குத் திரும்பிய தாள்கள் கூடியிருந்தன. கூட்டத்திலேயே காரணம் தெரிந்தது: சரிபார்ப்பவர் காகிதத்தில் சிவப்புப் பேனாவால் குறித்து, கைப்பேசியில் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார், பாதிக் குறிப்பு எனக்குப் புரியவில்லை. பி.டி.எஃப்.-இலேயே குறிப்பது என்று மாற்றினோம், அடுத்த மாதமே குறைந்தது.

அடுத்த மறு ஆய்வுக்கு அங்கேயே தேதி போட்டு, நாள்காட்டி அழைப்பும் அனுப்பிவிடுங்கள். நவம்பரில் மட்டும் போடாதீர்கள்.